ஊர் சுற்றும் வண்டி

என் தம்பி வாங்கிய காரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. காரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, அது இரும்பு. குமட்டல் எனக்கு என்மேல்தான். ஆனாலும் காரில் தொடங்கினால்தான் விஷயம் புரியும். அதனால் முதலில் காரைத் திட்டி முடித்துவிடுகிறேன்.

அது மாசி மாதம். சம்பா அறுவடை முடிகிற நேரம். மன்னார்குடிப் பக்கம் நான் தலைமையாசிரியையாக இருந்த பள்ளியில் அன்றைக்கு ஆண்டு விழா. அந்த வருடத்தோடு நான் ஓய்வு பெறுகிறேன் என்பதால் விழாவோடு விழாவாக எனக்கும் ஒரு பாராட்டு வைத்திருந்தார்கள். அதற்காகத் தம்பி சென்னையிலிருந்து விடிகாலையிலேயே வந்து சேர்ந்தான். வந்தவன், "நல்லாருக்கியாக்கா" என்று என்னைக் கேட்பதற்கு முன்னால் திரும்பி நின்று வண்டியை ஒரு தரம் பார்த்துப் பூரித்துக்கொண்டான். பெற்ற பிள்ளையை அவன் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

வண்டிக்கு மூக்கு மட்டும் மூன்று முழம். உயரம் என் இடுப்புக்கு மேலே கொஞ்சம். கதவு இரண்டே இரண்டு. நிறம் பச்சையா கறுப்பா என்று கேட்டால் அது வெயிலைப் பொறுத்தது என்றான். பின்னால் சீட் என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு பூசணிக்காயை வைக்கலாம், மனுஷரை வைக்க முடியாது.

"இத்தாம்பெரிய வண்டியில ரெண்டு பேருதானாடா உக்காரலாம்?"

"இது கிராண்ட் டூரர்க்கா. தூரப் பயணத்துக்குன்னே செய்யறது. எட்டு மணி நேரம் ஓட்டினாலும் முதுகு வலிக்காது."

"ஊர் சுத்தறதுக்குன்னே ஒரு வண்டின்னு சொல்லு."

எங்கள் அப்பா உயிரோடு இருந்தவரை அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இவனை விளாசினார். இப்போது அதற்கென்றே இவ்வளவு கொட்டிக்கொடுத்திருக்கிறான். விலையை அவன் சொல்லவில்லை. "அது எதுக்குக்கா" என்று ஒரு சிரிப்பு சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது, எங்கள் தெருவை வீடு வாசலோடு எழுதி வாங்கிவிடலாம் என்று.

ஏழு மணிக்குச் சித்தி போன் செய்தாள். அம்மாவின் தங்கை. அம்மா போன பிறகு எங்களுக்கு மிச்சமிருக்கிற ஒரே பெரிய தலை. பக்கத்து ஊரில் மூன்று மா நிலத்தை, ஏக்கர் கணக்கில் ஒன்றுதான் வரும், குத்தகைக்கு எடுத்து, எழுபதைத் தாண்டியும் தானே பயிர் செய்கிறவள்.

"பாப்பா, விழாவுக்கு நான் வரலடி. கோச்சுக்காத."

பேரன் பேத்தி எடுத்த என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

"நெல்லு இன்னுமா காயல சித்தி?"

"நேத்தும் திருப்பி அனுப்பிட்டான்டி. ஈரம் பாக்கற மிஷின்ல பதினெட்டு காட்டுதாம். பதினேழுக்குள்ள இருந்தாத்தான் எடுப்பேங்கறான். இன்னியோட கொள்முதல் முடியுது, நாளைக்கு நிலையத்தையே பூட்டிடுவாங்களாம். மத்தியானத்துக்குள்ள ஒரு வெயிலு நல்லா காஞ்சாப் போதும். எங்கயாச்சும் எடம் பாத்துக் கொட்டிக் கிண்டிவிட்டுடறேன்."

கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லை என்றால் அந்த நெல் வியாபாரிக்கு அடிமாட்டு விலைக்குத்தான் போகும். அந்த ஒரு போகம்தான் அவளுக்கு வருஷம் முழுக்கச் சோறு. "காஞ்சிடும் சித்தி, வெயில் நல்லா வருது" என்றேன். உண்மையிலேயே பனி விலகி வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டு எந்தப் பட்டுப்புடவையைக் கட்டுவது என்று யோசிக்கப் போய்விட்டேன்.

அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி வண்டியை முன்னாலும் பின்னாலும் பார்த்தார்கள். ஒருத்தி குனிந்து அதன் கதவில் தன் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். தம்பி கையில் ஒரு மெத்துத் துணி. வண்டியைத் துடைப்பதற்கென்றே வாங்கியதாம். பெட்டியில் மடித்து வைத்திருந்தான். அதை எடுத்து நீவி நீவித் துடைத்தான். தின்ற தட்டை இந்த வயது வரைக்கும் அலம்பி வைத்தறியாதவன்!

எதிர்வீட்டு மாமா வந்தார். சின்ன வயதில் இவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்த் தேர் காட்டியவர். காளையைத் தட்டிக்கொடுப்பதுபோல வண்டியின் மூக்கில் உள்ளங்கையை வைத்தார்.

"தொடாதீங்க மாமா, கோடு விழுந்துடும்."

மாமா வெடுக்கென்று கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். எதைத் துடைத்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எனக்கு வந்ததே கோபம். தம்பியைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

"அறிவிருக்காடா ஒனக்கு? எந்தத் தெருவுல நின்னுக்கிட்டு எந்த வார்த்தையச் சொல்ற? தொடாத தொடாதன்னு கேட்டுக் கேட்டுத்தானடா நம்ம அப்பனும் ஆத்தாளும் செத்தாங்க?"

"கோடு விழும்னுதான்க்கா சொன்னேன்."

"விழட்டும். விழுந்தா சாயம் அடி. இல்லன்னா வண்டிய பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். முப்பத்துநான்கு வருஷம் வகுப்பில் நின்று பேசியவளுக்கு எதிரே ஒருத்தன் தலை குனிந்தால் ஒரு திருப்தி வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. அந்தத் திருப்தியைத்தான் இன்றைக்கு என்னால் பொறுக்க முடியவில்லை.

சொற்கள் விஷயத்தில் எங்கள் வீடு அப்படி. தொடாதே என்பதையாவது சுடுசோற்றுப் பானையைக் காட்டிச் சொல்லிவிடுவோம். வாசற்படியே ஏறக்கூடாத சொல் இன்னொன்று உண்டு. ஒதுங்கு. மேலத்தெரு ஆண்டைகளின் வில்வண்டி வரும்போது அதற்கு முன்னால் ஓடிவருகிறவன் கத்திக்கொண்டு வந்த சொல் அது. நான் கேட்டதில்லை. அம்மாவும் சித்தியும் சிறு பெண்களாக இருந்தபோது கேட்டது. காதில் விழுந்த உடனே எங்கள் ஆட்கள் ரோட்டை விட்டு இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வண்டி போகும்வரை சேற்றில் நிற்க வேண்டும். ஒரு தரம் நாற்றுக்கட்டோடு அவசரமாக இறங்கியதில் அம்மாவின் பாதத்தில் கருவமுள் ஏறிப் புரையோடிவிட்டது. சாகும்வரை அந்தக் காலை ஊன்றி அவள் நடக்கவில்லை.

அதனால் அம்மா அந்தச் சொல்லை எங்கள் நாக்கில் ஏறவிடவே இல்லை. ஆட்டைக்கூடத் "தள்ளிக்க" என்றுதான் சொல்ல வேண்டும். மழைக்கு மரத்தடியில் நின்றோம் என்போமே தவிர ஒதுங்கினோம் என்று சொல்ல மாட்டோம். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர் என்று ஊரில் சொல்வார்கள். சித்தி தன்னைப் பற்றிச் சொல்லும்போது, "நான் மழைக்குக்கூட நிக்காதவ" என்பாள். ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு இடஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அம்மா முகத்தைச் சுளித்தாள். "அந்தக் கருமம் புடிச்ச வார்த்தைக்கு இப்படி ஒரு நல்ல புள்ள பொறந்துச்சா?" என்றாள். அந்தப் பிள்ளையின் தயவில்தான் நான் டீச்சர் ஆனேன், தம்பி இன்ஜினியர் ஆனான். என் பள்ளியிலும் பிள்ளைகளிடம் எந்த ஆசிரியரையும் அதைச் சொல்ல விட்டதில்லை. வரிசை கலைந்தால், "தள்ளி நில்லுங்க" என்றுதான்.

சரி, வண்டிக்கு வருகிறேன். "நான் பஸ்ஸுல போய்க்கறேன்" என்றேன். சும்மா பேச்சுக்குத்தான். இரண்டாம் தரம் கூப்பிட்டதும் ஏறிவிட்டேன். ஏறினேன் என்பது தப்பு, கிணற்றுப் படியில் இறங்குவதுபோல இறங்கினேன். உட்கார்ந்ததும் சீட் என் இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. முதுகுக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. தம்பி எதையோ அழுத்தினான். சீட்டே என் முதுகைப் பிசையத் தொடங்கியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் முதுகை யாரும் பிசைந்து விட்டதில்லை.

கதவு மூடியதும் ஊரின் சத்தம் நின்றுவிட்டது. சேவல் வாயைத் திறக்கிறது, குரல் இல்லை. எதிர்வீட்டு மாமா ஏதோ சொல்கிறார், உதடு மட்டும் அசைகிறது. சாணி நாற்றம் இல்லை, வைக்கோல் புகை இல்லை, புதுத்தோல் வாசனை மட்டும். இதற்காகத்தான் பணக்காரர்கள் இதை வாங்குகிறார்கள் என்று எனக்கு அப்போது புரிந்தது. வேகத்துக்கு இல்லை. ஊர் நடுவில் இருந்துகொண்டே ஊரில் இல்லாமல் இருப்பதற்கு. சொல்லவே வாய் கூசுகிறது, எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பள்ளி வாசலில் இந்தக் கதவைத் திறந்துகொண்டு நான் இறங்கும்போது யார் யார் பார்ப்பார்கள் என்று மனசுக்குள் ஒரு பட்டியலே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீ!

தம்பிக்கும் ஒரு ஆசை இருந்தது. நேர் ரோட்டில் போகாமல் மேலத்தெரு வழியாகப் போகலாம் என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அப்பா அந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். வண்டி மெதுவாக, உறுமிக்கொண்டு நுழைந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை. முக்கால்வாசி வீடு பூட்டிக் கிடந்தது. ஆண்டைகளின் பிள்ளைகள் எப்போதோ பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரே ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். தம்பி ஆவலாகக் கண்ணாடியை இறக்கினான்.

"நல்ல வண்டி தம்பி. மைலேஜ் என்ன குடுக்குது?"

தம்பி ஏதோ சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. மேலத்தெருவைச் சுற்றியதில் நேரமாகிவிட்டது. அங்கிருந்து பெரிய ரோட்டுக்குப் போகும் சின்னத் தார் ரோடு சித்தியின் ஊரை ஒட்டித்தான் போகிறது. எனக்கு அது நினைவிலேயே இல்லை. விழா பத்தரைக்கு. மணி பத்தேகால் ஆகிவிட்டதே என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

ஒரு வளைவில் திரும்பியதும் தம்பி பிரேக் போட்டான். ரோடு முழுக்க நெல். எங்கள் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் ரோடுதான் களம். பஸ்ஸும் டூவீலரும் நெல்மேலேயே ஏறிப் போகும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்த மகாராஜா வண்டியின் வயிறு தரையைத் தொட்டுக்கொண்டல்லவா இருக்கிறது.

"மேல ஏத்தினா அடியில ஒரசும்க்கா. வைக்கோல் வேற கெடக்கு, சூட்டுல பத்திக்கும்."

கொஞ்சம் தள்ளி ஒரு பெண்பிள்ளை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிக்கொண்டிருந்தாள். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. வயல்வேலை செய்கிற எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருப்பார்கள். தம்பி ஹாரன் அடித்தான். அந்த வண்டிக்கு ஹாரன்கூட நாசூக்காகத்தான் அடிக்கும். அவள் திரும்பவில்லை.

"இரு அக்கா, நான் எறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று தம்பி பெல்ட்டைக் கழற்றினான். அவன் போயிருக்க வேண்டும். நான் விட்டிருக்க வேண்டும். அதற்குள் என் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. கண்ணாடி இறங்கியது. அனலும் நெல் சுணையும் உள்ளே வந்து என் பட்டுப்புடவைமேல் படிந்தன. எரிச்சலோடு தலையை வெளியே நீட்டினேன்.

"ஏ, ஒதுங்கு! ஒதுங்குன்னா!"

எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். அந்தச் சீட்டிலிருந்து வந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பொய். என் வாயிலிருந்துதான் வந்தது, அதுவும் தடங்கல் இல்லாமல், தினம் சொல்லிப் பழகினவள் மாதிரி.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று ரோட்டோர வாய்க்காலில் இறங்கினாள். கணுக்கால் வரை சேறு. தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சொன்னாள்:

"இதோ ஒதுங்கிட்டேங்கம்மா."

பிறகு நெல் நினைவு வந்து தடதடவென்று மேலே ஏறினாள். ஓரத்தில் கிடந்த நெல் தள்ளும் பலகையை எடுத்து நெல்லை ஓரமாகத் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் ஒரு பகுதி வாய்க்கால் சரிவில் சரிந்து ஈரத்தில் விழுந்தது. அதை இரண்டு கையாலும் சேறோடு அள்ளிக் காய்ந்த குவியலிலேயே போட்டாள். போட்டுவிட்டு நெற்றிக்கு மேல் கையை வைத்து வண்டியைப் பார்த்தாள். அப்போதுதான் முகம் தெரிந்தது.

சித்தி.

அவள் கண்ணில் வெயில், தலையை உள்ளே இழுத்துக்கொண்ட நான் இருட்டுக்குள். அவளுக்கு என்னைத் தெரிந்திருக்காது. இறங்கியிருக்கலாம். இறங்கிக் காலில் விழுந்திருக்கலாம். நான் கண்ணாடியை ஏற்றினேன்.

தம்பி வண்டியை ஓரமாக நகர்த்தித் தாண்டினான். சிறிது தூரம் போனதும், "அக்கா, அது நம்ம சித்தி மாதிரி இல்ல?" என்றான்.

"இல்லடா. வேற யாரோ. நீ போ, நேரமாச்சு."

விழாவைப் பற்றி என்ன சொல்ல. பிள்ளைகள் எல்லாம் காரைச் சுற்றி நின்றார்கள், என்னை யாரும் பார்க்கவில்லை. சால்வை போட்டார்கள். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்த அம்மா தன் பணிக்காலத்தில் ஒரு குழந்தையைக்கூடத் தலைகுனிய வைத்ததில்லை என்றார். கைதட்டினார்கள். பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று உடன் வேலை பார்த்த டீச்சர் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் குடித்துத் தொலைத்தேன்.

தம்பியை அங்கிருந்தே சென்னைக்குப் போகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கொள்முதல் நிலையத்தில் இறங்கியபோது மணி நான்கு. ஆட்கள் தராசை உள்ளே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். வேலி ஓரத்தில் சித்தி தன் நெல்லைத் தார்ப்பாயில் கொட்டிவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காலில் காய்ந்த சேறு.

"வாடி பாப்பா! விழா நல்லா நடந்துச்சா? சால்வையெல்லாம் போட்டாங்களா?"

"நெல்லு என்னாச்சு சித்தி?"

"பத்தொம்பது காட்டுதாம். நேத்தைவிட ஒண்ணு கூட." உதட்டைப் பிதுக்கினாள். "காலைல நல்லாத்தான்டி காஞ்சுது. பல்லுல கடிச்சுப் பாத்தேன், நொறுக்குனு ஒடைஞ்சுது. அப்புறம் யாரோ ஒரு அம்மா கார்ல வந்துச்சு. ஒதுங்குன்னுச்சு. எத்தினி வருஷமாச்சு அந்த வார்த்தையக் கேட்டு! மண்டைக்கு எட்டறதுக்குள்ள காலுக்கு எட்டிருச்சுடி. போயி வாய்க்கால்ல நிக்கறேன் கூறு கெட்டவ. அந்தப் பதட்டத்துல ஈர நெல்லையும் காஞ்ச நெல்லையும் ஒண்ணாக் கலந்துட்டேன். மத்தியானத்துக்குள்ள மறுபடி காயலடி."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

"சித்தி, அது நான்தான்."

"எது?"

"கார்ல இருந்தது நான்தான். அது தம்பி வண்டி. நான்தான் அந்த வார்த்தையச் சொன்னேன்."

சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வாய்விட்டு இன்னும் பெரிதாகச் சிரித்தாள்.

"போடி பைத்தியம். நீ சொல்லுவியா அத? அந்தக் குரலு எனக்குத் தெரியாதா? சின்னப் புள்ளையிலேருந்து கேட்ட குரலுடி. அது அவுங்க வீட்டுக் குரலு."

"சத்தியமா நான்தான் சித்தி."

"சத்தியமெல்லாம் பண்ணாத. ஒங்கம்மா வவுத்துல பொறந்தவ வாயில அது வராது" என்று பேச்சை முடித்துவிட்டாள்.

குனிந்து நெல்லை அள்ளினேன். சேறு கட்டிய நெல் உருண்டை உருண்டையாகக் கையில் வந்தது. அதை நசுக்கிப் பிரித்துத் தார்ப்பாயில் பரப்பத் தொடங்கினேன். மேற்கே வெயில் தணிந்துவிட்டது, இனி எதுவும் காயாது என்று தெரிந்தும் பரப்பிக்கொண்டே இருந்தேன். சித்தி எழுந்து வந்து என் கையிலிருந்த நெல்லைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"பட்டுப் பொடவை பாழாப்போவுது பாரு. தள்ளிக்க பாப்பா."